யாருடையது என்று கேட்டார்கள்

எனக்கு நோய் பல்லில் இருந்து வந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சீழ் வைத்து, தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் போனது. பல் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது, பல்லைப் பிடுங்கினார்கள், நானும் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். பிறகு ஒருநாள் அலுவலகத்தில் வயிறு கலக்கியது. போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். உடனே மறுபடியும் எழுந்தேன். அன்று மாலை வரை நாற்காலியில் இருந்த நேரத்தைவிடக் கழிப்பறையில் இருந்த நேரம்தான் அதிகம்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் காலத்தில் தொட்டித் தண்ணீர் புளித்து எழும் நாற்றத்தில் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் மற்ற விஷயங்களில் நான் ரொம்பவும் அசிங்கம் பார்க்கிறவள். பஸ்ஸில் ஏறினால் முதலில் சீட்டைத் துடைப்பேன். அடுத்தவர் கடித்த மாம்பழத்தைத் தொட மாட்டேன். அப்படிப்பட்ட என் உடம்பில் இருந்து வந்த நாற்றம் எனக்கே குமட்டியது. அது வழக்கமான நாற்றம் இல்லை. குதிரைச் சாணியையும் ஏதோ தித்திப்பான ஒன்றையும் சேர்த்து அழுக வைத்தது போன்ற வாடை. அந்த வாடையைத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கும்போது தலையாட்டுவார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரையில் மலம் என்றே எழுதப்போகிறேன். ஊரில் அதற்கு இன்னும் சின்னச் சொல் உண்டு, எல்லோருக்கும் தெரியும். மோஷன், டூ பாத்ரூம் என்றெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் நான் நாட்களை வீணாக்கினேன். முதல் முறை மருத்துவரிடம் போனபோது "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் வயிறு சரியில்லாததற்கு மாத்திரை கொடுத்தார். வெட்கப்படாமல் முழுசாகச் சொல்லியிருந்தால் நோய் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

பிடிபட்டது சேலத்தில், ஒரு தனியார் மருத்துவமனையில். குடல் சிகிச்சை நிபுணரான ஒரு டாக்டரம்மா. என்னைவிட வயதில் சின்னவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் என்னையும் என் கணவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"உங்க குடல்ல கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க குடியிருக்குதும்மா. பல்லுக்குச் சாப்பிட்ட மருந்து அதுங்களையும் சேத்துக் கொன்னுடுச்சு. காலியான இடத்துல ஒரு கெட்ட கிருமி வந்து உக்காந்துக்குச்சு. அதோட விஷம்தான் இப்படிப் போகுது."

அந்தக் கிருமிக்கு நீளமான பெயர். சுருக்கமாக சி.டிஃப் என்கிறார்கள். அதைக் கொல்ல வேறொரு ஆன்டிபயாட்டிக். சாப்பிட்டேன், நின்றது. நிறுத்தினேன், திரும்ப வந்தது. மீண்டும் சாப்பிட்டேன், நின்றது. நிறுத்தினேன், முன்னைவிட மோசமாக வந்தது. இந்தக் கிருமி தன்னைச் சுற்றிக் கெட்டியான தோல் ஒன்றைப் போர்த்திக்கொண்டு மருந்துக்குத் தப்பித்துப் படுத்துக் கிடக்குமாம். மருந்து போனதும் எழுந்து உட்காருமாம்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைக்குத் தேய்த்துக்கொள்ளும் சானிடைசர் இதற்கு எடுபடாது. சோப்பு போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் கழுவ வேண்டும். கழிப்பறையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும். எனக்கு யாரும் இதை முதலிலேயே சொல்லவில்லை. நான் பாட்டில் பாட்டிலாக சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு சுத்தமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழிப்பறையை என் கணவர்தான் கழுவினார். மஞ்சளும் கிழங்கும் போடுகிற விவசாயி. வீட்டுக்குள் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைத்துப் பழக்கமில்லாதவர். நான் வெளியே வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். முகம் சுளிக்க மாட்டார். நான்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுவேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை. அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

நோய் மூன்றாவது முறையாகத் திரும்பியபோது எடை குறைந்து வளையல் முழங்கை வரை ஏறியது. துணி நனைந்துவிடும் என்ற பயத்தில் பஸ் ஏறுவதை நிறுத்தினேன். விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். ஆலையில் சம்பளமில்லாத விடுப்பு சொன்னேன். என் நாள் முழுவதும் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் கழிந்தது. கடிகாரத்தில் மணி என்ன என்று பார்ப்பதே விட்டுப்போனது.

அப்போதுதான் டாக்டரம்மா அந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். மல மாற்று சிகிச்சை (ஆரோக்கியமான ஒருவரின் மலத்தில் உள்ள நல்ல கிருமிகளை நோயாளியின் குடலுக்குள் குடியேற்றுவது). ஆரோக்கியமானவருடைய மலத்தை உப்புத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கேமரா வைத்த குழாய் வழியாகப் பெருங்குடலுக்குள் விடுவார்கள்.

எனக்கு வாந்தி வந்தது. உண்மையிலேயே வந்தது. டாக்டரம்மா மேசைக்கு அடியில் இருந்த கூடையை என் பக்கம் தள்ளினார்.

"எல்லாரும் இப்படித்தாம்மா" என்றார். "வெளிநாட்டுல இதை மாத்திரையாவே அடைச்சுக் குடுக்கறாங்க. இன்னும் கொஞ்ச வருஷத்துல எந்த மனுஷங்கிட்ட இருந்தும் எடுக்காம, தேவையான கிருமியை மட்டும் லேப்ல வளத்துக் குடுப்பாங்க. அப்போ அசிங்கமே இருக்காது. ஆனா உங்களுக்கு அது வரைக்கும் நேரம் இல்லை."

கொடுப்பவர் வீட்டு ஆளாகவும் இருக்கலாம், மருத்துவமனை ஏற்கெனவே சோதித்து உறைய வைத்திருக்கும் முகம் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம் என்றார். முகம் தெரியாதவர் என்றதும் நான் வீட்டு ஆள் என்று சொல்லிவிட்டேன். அசிங்கத்திலும் நம் வீட்டு அசிங்கம் பரவாயில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

என் கணவர் முதல் கேள்வியிலேயே தள்ளுபடி ஆனார். சளி பிடித்தால் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். சமீபத்திலும் போட்டிருந்தார். அப்படிப்பட்டவர் குடல் ஆகாது என்றார்கள். அம்மாவுக்கு வயதும் சர்க்கரையும். மீதி இருந்தது என் தம்பி செல்வராசு.

செல்வராசு நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். ஆறடி உயரம், வாழ்நாளில் தலைவலி என்று படுத்ததில்லை. போனில் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"அக்கா, பொறந்த ஊட்டுச் சீருன்னு எத்தன கொண்டாந்துருக்கறன். இதையும் நாந்தான் கொண்டாரோணும். நீ கவலப்படாத."

சிரித்துவிட்டு அழுதேன். எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருந்து எல்லாம் வரும். கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, பிள்ளைக்குக் காது குத்த, வீடு கட்டிக் குடிபோக. தட்டு தட்டாக வரும். இப்படி ஒரு சீரை எந்த ஊரிலும் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

பரிசோதனைக்கு மாதிரி கொடுக்க அவன் சேலத்துக்கு வந்த அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மருத்துவமனைக் கழிப்பறைக்குள் டப்பாவோடு போனவன் வெகுநேரம் கழித்து வெறும் டப்பாவோடு வந்தான். மறுபடி போனான். மறுபடியும் ஒன்றுமில்லை. நர்ஸ் காபி வாங்கிக் குடிக்கச் சொன்னார். காபி குடித்துவிட்டு நடந்து பார்த்தான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதில் சொன்னான்.

"அக்கா, நேத்தே அம்மா வெளக்கெண்ணெ குடுத்துருச்சு."

அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் குரலில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை.

"பின்ன என்ன சாமி, பொண்ணுக்குக் குடுக்கறது. வயித்த சுத்தம் பண்ணிக் குடுக்கோணுமல்லோ. கண்டதையும் தின்னு வெச்சுருக்கறான். அப்புடியேவா குடுத்தனுப்பறது?"

எதைக் கொடுக்க வேண்டுமோ அதை முழுக்கக் கழுவி ஊற்றிவிட்டு, சுத்தமான பிள்ளையை அனுப்பியிருந்தாள். பின்னால் சிகிச்சைக்கு முந்தைய நாள் எனக்குத்தான் லிட்டர் கணக்கில் பேதி மருந்து கொடுத்தார்கள். அம்மா மருந்தைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள், ஆள்தான் மாறிவிட்டது. அதைக் கேட்டு டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மருத்துவமனையில் நான் சிரித்தது அன்று மட்டும்தான்.

அடுத்த முறை கொடுத்துவிட்டுப் போனான். முடிவு வந்தபோது நான், கணவர், தம்பி மூவரும் டாக்டரம்மா அறையில் இருந்தோம். செல்வராசுவின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் (எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் எளிதில் சாகாதவை) இருந்தன. கோழிக்கும் மாட்டுக்கும் மருந்து போடுகிற இடங்களில் வேலை செய்கிறவர்களிடம் இப்படி இருக்கக்கூடும், அவர்களுக்கு அதனால் தொந்தரவில்லை, ஆனால் என் புண்ணான குடலுக்குள் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

"என்றது ஆகாதுங்களா?" என்று கேட்டான். எங்கள் பேச்சில் 'என்றது' என்றால் என்னுடையது. ஜாதகம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மாப்பிள்ளையின் முகம் அப்படித்தான் இருக்கும். எனக்குத் தாங்கவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இனி மருத்துவமனை சேமிப்பில் இருப்பதுதான் வழி என்றார் டாக்டரம்மா. கொடுத்தவரின் ரத்தம், மலம் எல்லாவற்றையும் பலமுறை சோதித்திருக்கிறார்கள், இவ்வளவு கண்டிப்பாகச் சோதித்துத் தேர்ந்த ஆள் கிடைப்பதே அபூர்வம் என்றார். நான் தலையை ஆட்டினேன். அதற்குள் முகம் தெரியாதவர் என்ற பயமும் தேய்ந்து போயிருந்தது. உடம்பு அந்த அளவுக்கு வந்துவிட்டால் அசிங்கத்துக்கு இடம் இருக்காது. செல்வராசு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"ஏனுங்க டாக்டர், அது யாருதுன்னு தெரிஞ்சுக்கலாமுங்களா?"

"பேரு சொல்ல மாட்டோங்க. எங்ககிட்டயே எண் மட்டும்தான் இருக்கும்."

"பேரெல்லாம் வேண்டாமுங்க. எந்த ஆளுகன்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும்."

"எந்த ஆளுன்னா? ஆணா, பொண்ணான்னு கேக்கறீங்களா?"

"அதில்லீங்க. நம்ம சனமா, இல்ல மத்தவீகளான்னு."

டாக்டரம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு அதே குரலில் சொன்னார்.

"அந்த டெஸ்ட் எங்க லேப்ல இல்லீங்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் "இதென்ன கேள்வி" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். என் அழுக்கை வாளி வாளியாகக் கழுவி ஊற்றிய மனிதர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாப்ள சொல்றதையுங் கொஞ்சம் ரோசன பண்ணோணுமல்லங்க. நாளைக்கு ஊருல நாலு பேரு கேப்பாங்க."

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் எனக்கும் செல்வராசுவுக்கும் வாக்குவாதம். எனக்குப் பிள்ளை பிறந்தபோது ரத்தம் ஏற்றினார்களே, அப்போது யாருடையது என்று கேட்டோமா என்றேன்.

"ரத்தம் வேறக்கா."

"என்ன வேற?"

"அது... ரத்தம். இது என்னன்னு உனக்கே தெரியுமல்லோ."

"மலம்டா. யாருதா இருந்தாலும் மலம்தான். நம்ம ஆளுகளது மட்டும் மணக்குமா?"

அவன் வேறு வழி சொன்னான். கொஞ்சம் பொறுத்தால் யாருடையதும் இல்லாமல் ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்த மருந்து வந்துவிடுமாம், அதுவரை பழைய மருந்தையே சாப்பிட்டு ஓட்டலாமே என்றான். டாக்டரம்மா நோயாளிகளின் ஆறுதலுக்காகச் சொன்ன எதிர்காலத்தை அவன் இப்படிப் பிடித்துக்கொண்டான். விஞ்ஞானம் என்றைக்கோ ஒருநாள் மனிதனையே நீக்கிவிட்டு மருந்தைத் தரும், அதுவரை அக்கா பொறுத்திருக்கட்டும். என் தம்பி, எனக்காகத் தன் மலத்தையே கொடுக்க ஓடி வந்தவன், அப்படித்தான் நினைத்தான். அவன் என்மேல் பாசம் இல்லாமல் சொல்லவில்லை. அதுதான் என்னை மிகவும் குமட்ட வைத்தது.

பொறுத்தோம். நான் ஏன் பொறுத்தேன் என்று கேட்பீர்கள். எழுந்து நடக்கத் தெம்பில்லாதவள் யாரோடு சண்டை போட முடியும்? அம்மா குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாள். என் கணவர் பிளீச்சிங் பவுடர் மூட்டையாகவே வாங்கி வந்தார். உறவில் சிலர் பார்க்க வந்து, கட்டிலில் இருந்து தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் காலையில் வயிற்றுப்போக்கு திடீரென்று நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மத்தியானத்துக்குள் வயிறு உப்பிக் கல்லாகி, காய்ச்சல் ஏறி, எனக்கு நினைவு வந்து வந்து போனது. இதைக் கவனமாகப் படித்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் போக்கு சட்டென்று நின்று வயிறு வீங்கினால் அது குணமில்லை, ஆபத்து. குடல் செயலிழந்து வீங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சேலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். மருந்துகளுக்கு வீக்கம் குறையாவிட்டால் பெருங்குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், பிறகு வயிற்றில் ஒரு பை வைத்து அதில்தான் மலம் சேரும் என்றார்கள். நல்லவேளை, வீக்கம் மெல்ல வடிந்தது. பேச முடிந்ததும் நான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, வீட்டு ஆட்கள் எதிரிலேயே சொன்னேன்.

"யாருதா இருந்தாலும் சரிங்க. இனிமே இவீககிட்ட கேக்க வேண்டாமுங்க. என்ற குடலு. நாஞ்சொல்றேன், ஏத்துங்க."

செல்வராசு ஏதோ சொல்ல வாயெடுத்தான். என் கணவர் அவன் தோளில் கை வைத்து வெளியே கூட்டிப் போனார். அவரை நான் முழுதாக மன்னித்தேனா என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கையை நினைத்துக்கொள்வதுண்டு.

சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகமில்லை, பயப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். முந்தின நாள் பேதி மருந்து. மறுநாள் மயக்கம் வர ஊசி. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் கால்களை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். உள்ளே போனது வெளியே வராமல் தங்க வேண்டுமாம். வலி இல்லை, நாற்றம் இல்லை. மூடிய பையில் கலங்கலாக ஏதோ இருந்ததை வெளியே எடுத்துப் போவதைப் பார்த்தேன். இவ்வளவு ஆர்ப்பாட்டமும் இதற்குத்தானா என்று இருந்தது.

சில நாட்களில் போக்கு நின்றது. இந்த முறை வயிறு மெத்தென்று இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் ஒழுங்கான, உருவான மலம் வந்தது. நான் கழிப்பறையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. வெளியே வாளியோடு நின்றிருந்த என் கணவரிடம் "வேண்டாமுங்க, நானே கழுவிக்கறேன்" என்றேன். அவர் வாளியை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போனார்.

இங்கேயே முடித்திருந்தால் இது நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

செல்வராசு மகளின் நிச்சயதார்த்தம் ராசிபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வெகுகாலம் கழித்து நான் கலந்துகொண்ட விசேஷம். பட்டுச் சேலை இடுப்பில் நிற்காமல் நழுவியது. தம்பி எங்கள் சமூகச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறான். சங்கத்தின் பொருளாளர் என்னைத் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டியும் தங்கக் கடிகாரமும் அணிந்த, மரியாதையான மனிதர்.

"நல்லாருக்கறீங்களாம்மா? தம்பி எல்லாஞ் சொன்னாரு. நம்ம சங்கத்துல ஒரு முடிவு பண்ணிருக்கறோமுங்க. நம்மளுக்கு மேரேஜ் பீரோ இருக்குது, ஆஸ்டல் இருக்குது. ரத்தத்துக்கு நம்ம பசங்க இருக்கறாங்க. இனி வரப்போறது பூராவும் உங்க வைத்தியம் மாதிரித்தானாமா. சர்க்கரைக்கு, மனசு சரியில்லாததுக்கு, எல்லாத்துக்குமே இதான் மருந்துன்னு பேசிக்கறாங்க. அதனால நம்ம ஆளுகளுக்குன்னே தனியா ஒரு பேங்க் ஆரம்பிச்சரலாமுன்னு."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்தபோது மண்டபத்தின் குழம்பு வாசனை எல்லாம் போய், முதல் நாள் அலுவலகத்தில் வந்த அந்தப் பழைய வாடை மூக்கில் ஏறியது.

"நம்ம பசங்க நல்லாச் சாப்பிடறவீங்க, கெட்ட பழக்கமில்லாதவீங்க" என்று அவர் தொடர்ந்தார். "டெஸ்ட் பண்ணி எடுத்து வெச்சுட்டா நாளைக்கு நம்மள்ல ஒருத்தரு உங்க மாதிரி சங்கடப்பட வேண்டியதில்லீங்க பாருங்க. நீங்க அனுபவப்பட்டவீங்க. கூட்டத்துல வந்து நாலு வார்த்த பேசோணும்."

விஞ்ஞானிகள் இரவு பகலாக உழைத்து, மனிதனின் குடலுக்குள் ஒரு காடே இருக்கிறது, அதை அடுத்தவருக்குக் கொடுத்து உயிரைக் காப்பாற்றலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைக் கையில் வாங்கியதும் நாங்கள் செய்ய நினைத்த முதல் காரியம் அதற்கு வேலி போடுவது. எதிர்காலம் என்று டாக்டரம்மா சொன்னபோது நான் மாத்திரைகளையும் பளபளக்கும் கருவிகளையும் நினைத்திருந்தேன். அது என் பக்கத்து நாற்காலியில் தங்கக் கடிகாரம் கட்டிக்கொண்டு வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை மாதம் என் மலத்தைப் பார்த்து நான் பட்ட அருவருப்பெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

"பேசறனுங்க" என்றேன். "இப்பவே பேசீர்றேன். எனக்கு ஏத்துனது யாருதுன்னு எனக்குத் தெரியாதுங்க. எந்த ஊரு, எந்தத் தெரு, எந்த ஆளுன்னு ஒண்ணுந் தெரியாது. அது என்ற வயித்துல நல்லாக் குடியிருக்குது. இப்ப நான் உங்ககூடப் பந்தியில வந்து உக்காரப் போறேன். ஆருக்காச்சும் சங்கடம்னா இப்பவே சொல்லிருங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொருளாளர் "அட, நீங்க ஒண்ணு" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார். நான் பந்தியில் போய் உட்கார்ந்தேன். என் இடப்பக்கம் இருந்த பெண், எனக்கு ஒன்றுவிட்ட சித்தி முறை, தன் இலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். தண்ணீர் தெளிக்க வசதியாக இழுத்தாளா, வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டேன். பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம் செல்வராசுவே என்னைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். விசேஷத்தில் மானத்தை வாங்கிவிட்டேன் என்ற கோபம் ஸ்டீயரிங் பிடித்திருந்த கையில் தெரிந்தது. ஒரு டீக்கடையில் நிறுத்தினான். எனக்குச் சர்க்கரை குறைவாகச் சொல்லி, டம்ளரை வெந்நீரில் கழுவச் சொல்லி வாங்கி வந்தான். நோய் வந்ததில் இருந்து அவன் அதை மறந்ததில்லை. டீயைக் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, நெசமாலுமே உனக்குத் தெரியாதா, அது யாருதுன்னு?"

"தெரியும்" என்றேன்.

அவன் சட்டென்று திரும்பினான். "யாருது?"

டாக்டரம்மாவிடம் கடைசியாகப் போனபோது இதையேதான் நானும் வேறு மாதிரி கேட்டிருந்தேன். அந்த ஆளுடைய கிருமிகள் எனக்குள் எவ்வளவு காலம் இருக்கும் என்று. அவர் சொன்னது இதுதான்: அந்தக் கிருமிகளுக்கு ஒரு நாள் என்பதே பல தலைமுறை. உள்ளே வந்தவை அன்றே பெருகி, செத்து, அவற்றின் பிள்ளைகள் பெருகி, இன்றைக்குள் கணக்கில் அடங்காத தலைமுறைகள் என் சோற்றைத் தின்று என் குடலிலேயே பிறந்து என் குடலிலேயே முடிந்துவிட்டன. கொடுத்தவர் இப்போது வந்து கேட்டாலும் தன்னுடையது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"என்றதுடா சாமி" என்றேன். "டீயக் குடி, ஆறுது."

அவன் குடித்தான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சங்கத்தில் அந்தப் பேச்சு இன்னும் நடக்கிறதா என்று நானும் கேட்கவில்லை.

மறுபடி வேலைக்குப் போகிறேன். வயிறு கலக்கினால் இப்போதும் ஒரு கணம் உயிர் நின்று வரும். பிறகு அது வெறும் பசி என்று தெரியும். பஸ்ஸில் சீட்டைத் துடைக்கும் பழக்கம் போகவில்லை, கைப்பையில் துணி இருக்கிறது. ஆனால் துடைத்துவிட்டு உட்கார்ந்த பிறகு, பக்கத்தில் வந்து உட்காரும் முகத்தைப் பார்க்கிறேன். கூடைக்காரி, கல்லூரிப் பையன், கிழங்கு லோடு ஏற்றிவிட்டு வேர்வையோடு வருகிற ஆள். யாரோ ஒருவர் இந்தப் பக்கத்து டவுனில் எங்கோ, யாரென்றே தெரியாத எனக்காக ஒரு டப்பாவோடு கழிப்பறைக்குப் போயிருக்கிறார். கூட்டத்தில் யார் தோள் என்மேல் இடித்தாலும் இப்போது நான் நகர்ந்துகொள்வதில்லை.